காலை வெயிலில் நில் என்று சொல்லாதீர்கள்

“வெய்யில் இன்னா காசா கேக்குது? காலையில அரைமணி நேரம் மொட்டமாடியில நில்லுடி. எலும்புக்கு வேண்டியது தானா வந்துடும். இதுக்குப் போயி மாத்திரையா?”

என் தங்கைக்கு லூபஸ் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊரான சந்தவாசலில் இந்தப் பேச்சை நாங்கள் கேட்காத வாரம் இல்லை. பெரியம்மா அன்பால் சொன்னார். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் அக்கறையால் சொன்னார். மருந்துக் கடையில் நின்றிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நாட்டில் வைட்டமின் டி விற்பது ஆற்றங்கரையில் தண்ணீர் விற்பது மாதிரி” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். இந்தக் கருத்து சாதாரண உடம்புக்காரருக்கே பாதிதான் பொருந்தும். லூபஸ் உள்ளவருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. அது அவர்களை நோயின் வாய்க்குள் தள்ளிவிடும் யோசனை.

லூபஸ் என்பது உடம்பின் காவல் படை தன் சொந்த வீட்டையே தாக்கும் நோய். கிருமியை அழிக்க வேண்டிய எதிரணுக்கள், நம் செல்களின் உட்கருவில் இருக்கிற பொருள்களையே பகையாகப் பார்க்கும். மூட்டு, தோல், இரத்தம், நுரையீரலுறை, சிறுநீரகம், மூளை என்று எங்கே வேண்டுமானாலும் தாக்கும். இந்த நோய் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருக்கிறவர்கள். தங்கைக்கு முதலில் மூக்குத்தண்டின் மேலும் இரண்டு கன்னங்களிலும் சிவப்பு படர்ந்தது. மங்கு என்று நினைத்தோம். நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கிப் பூசினோம். பிறகு விரல் மூட்டுகள் காலையில் மடங்கவில்லை. அறுந்த இழையைப் பிணைக்க அவளால் முடியவில்லை. பட்டுத் தறியில் உட்காருகிறவளுக்கு அதைவிடப் பெரிய அறிகுறி வேண்டியதில்லை. வேலூருக்குக் கொண்டுபோனோம்.

நோய் தெரிந்து மருந்து தொடங்கி, முகம் தெளிந்துகொண்டு வந்த நேரத்தில்தான் மொட்டை மாடி யோசனை வந்தது. இரத்தத்தில் வைட்டமின் டி மிகவும் குறைவு என்று சீட்டில் இருந்தது. சாஷே எழுதியிருந்தார்கள். வீட்டில் இருந்த நாங்கள், நானும் சேர்த்துத்தான், சாஷேயை ஓரமாக வைத்துவிட்டு அவளை வெயிலுக்கு அனுப்பினோம். காலையில் போனால் போதாதென்று யாரோ சொல்ல, பத்து மணிக்கு மேல் போனாள். பத்தாம் நாள் காய்ச்சல். கன்னம் திரும்பவும் சிவந்தது. மூட்டுகள் வீங்கின. மாதக் கடைசியில் சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள். வெயில் ஒன்றுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. லூபஸ் தானாகவும் கிளம்பும். ஆனால் லூபஸைக் கிளப்பிவிடும் காரணங்களில் எல்லா மருத்துவ நூலும் முன்வரிசையில் வைப்பது வெயிலைத்தான். அந்த வெயிலில் அவளை நாங்களே நிறுத்தினோம்.

நடப்பது இதுதான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலின் மேல் செல்களைக் கொல்கிறது. ஆரோக்கியமான உடம்பு அந்தச் செத்த செல்களைச் சத்தமில்லாமல் பெருக்கித் தள்ளிவிடும். லூபஸ் உள்ள உடம்பில் அந்தத் துப்புரவு வேலை மந்தம். செத்த செல்லின் உட்கருப் பொருள்கள் வெளியே கிடக்கின்றன. எதிரணுக்கள் தேடிக்கொண்டிருக்கும் பகை அதுவேதான். இன்டர்ஃபெரான் என்ற தூண்டுபொருள் சுரக்கிறது, வீக்கம் கிளம்புகிறது, தோலில் தொடங்கிய தீ சிறுநீரகம் வரைக்கும் போகலாம். ‘கொஞ்சம் வெயில் பட்டால் என்ன’ என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என்ன.

அந்த யோசனையின் உள்ளே இருக்கும் முரணை இனிப் பாருங்கள். தோலில் வைட்டமின் டியை உண்டாக்குவது புற ஊதா பி என்ற கதிர். 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ளது. லூபஸைக் கிளப்புவதில் முன்னால் நிற்பதும் அதே கதிர். டியை மட்டும் வடிகட்டிக் கொடுத்துவிட்டு நோயை வெளியே நிறுத்துகிற வெயில் வானத்தில் இல்லை. தோல் எந்த அளவுக்கு டியைச் செய்கிறதோ அந்த அளவுக்கு லூபஸ்காரர் தோல் அடி வாங்குகிறது.

“அதற்குத்தானே இளவெயில் என்கிறோம்” என்பார்கள். இளவெயிலைப் பற்றி நம் பக்கத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயண் குழுவினர், தோலில் டி உருவாவதற்கு முன்வடிவமாக இருக்கும் பொருளை வெயிலில் வைத்து மணிக்கு மணி பார்த்தார்கள். அதிகம் உருவானது காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. திருப்பதிக்கும் எங்கள் பக்கத்து ஆரணிக்கும் அட்சரேகையில் ஒரு பாகைகூட வித்தியாசம் வராது. அங்கே உள்ள சூரியன்தான் இங்கேயும். காலை ஆறரை, ஏழு மணிக்குச் சூரியன் தாழ்வாக இருக்கிறது. கதிர் சாய்வாக நீண்ட தூரம் காற்று மண்டலத்தைக் கடந்து வருவதால் ஓசோன் படலம் புற ஊதா பியைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடுகிறது. எளிய அடையாளம் ஒன்று சொல்வார்கள்: உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருக்கும்வரை தோலில் டி பெரிதாக உருவாவதில்லை. ஆக, இளவெயிலில் நின்றால் டி வராது. டி வருகிற வெயிலில் லூபஸ்காரர் நிற்கக் கூடாது. இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல நேரம் பஞ்சாங்கத்தில் இல்லை.

ஜன்னல் ஓரமாக உட்காரச் சொல்கிறவர்களும் உண்டு. கண்ணாடி புற ஊதா பியைத் தடுத்துவிடும், ஆனால் புற ஊதா ஏ அதன் வழியே உள்ளே வரும். ஏ கதிரால் டி கிடைக்காது. லூபஸ் தோலை அது சீண்டும். கிடைக்க வேண்டியது கிடைக்காமல், வேண்டாதது மட்டும் வருகிற ஏற்பாடு அது.

இப்போது அந்த ஆசிரியரின் ஆற்றங்கரைக்கு வருகிறேன். ஊரில் வெயில் இருப்பது வேறு, உடம்பில் வெயில் படுவது வேறு. சந்தவாசலிலிருந்து ஆரணி வரைக்கும் பட்டு நெய்கிற வீடுகளுக்குள் நுழைந்து பாருங்கள். குழித்தறி இருக்கும் அறை வீட்டிலேயே இருட்டான அறை. வெயிலும் வறண்ட காற்றும் பட்டால் இழை காய்ந்து அறும் என்று ஜன்னலைச் சாத்தி வைப்போம். குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தால், மேலே ஜக்கார்டு பெட்டி, முன்னால் அச்சு, கையில் நாடா. பொழுது போனது விளக்கைப் பார்த்துத்தான் தெரியும். பெண்கள் நெய்யாத நேரத்தில் தார் சுற்றுகிறார்கள், அதுவும் உள்ளேதான். நெசவுக்காரர் வெளியே நின்று செய்கிற பெரிய வேலை தெருவில் பாவு விரிப்பது. அதை விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவோம், ஏனென்றால் பட்டுக்கு வெயில் ஆகாது. உச்சி வெயிலிலிருந்து பட்டை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றத் தெரிந்த ஊருக்கு, ஒரு பெண்ணின் தோலைக் காப்பாற்றச் சொன்னால் மட்டும் கோபம் வருகிறது. ஆரணிப் பட்டுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நெய்கிற கைகளின் எலும்பைப் பற்றிப் பேச நமக்கு இன்னும் வாய் வரவில்லை.

தறி வீட்டை விடுங்கள். வயல்காட்டில் வேலை செய்கிறவர்கள்? அதே ஹரிநாராயண் குழு ஆந்திராவின் தென்பகுதியில் கிராமத்து மக்களையும் நகரத்து மக்களையும் சோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான கிராமத்துப் பெண்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு டி பற்றாக்குறை. அதற்கு முன்னரே, 2000-இல், டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கோஸ்வாமி குழுவினர் டெல்லியின் ஆரோக்கியமான மனிதர்களிடம் இதே குறையைக் காட்டிவிட்டார்கள். நம் கருந்தோலில் இருக்கும் மெலனின் கதிரைப் பிடித்துக்கொள்கிறது. வெள்ளைத் தோலுக்குப் போதும் நேரம் நமக்குப் போதாது. பெண்கள் உடம்பை மூடித்தான் வெளியே போகிறோம். வெயிலுக்குக் குறைவில்லாத நாடு என்பது உண்மை. அந்த வெயில் நம் இரத்தத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது என்பது சோதித்துப் பார்க்காமல் வைத்திருக்கும் நம்பிக்கை. சோதித்தவர்கள் வேறு மாதிரிதான் கண்டார்கள்.

சாப்பாட்டில் வரட்டுமே என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவு ஒரு நாளைக்கு 600 யூனிட். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் இருப்பது ஏறக்குறைய 40 யூனிட். பதினைந்து முட்டை தின்ன வேண்டும், தினமும். சத்து சேர்க்காத பாலில் டி இல்லை என்றே சொல்லலாம். மத்தி மீன் போன்ற எண்ணெய் மீனில் உண்டு; கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் அது தினச் சாப்பாடு இல்லை. கீரையில் இல்லை, ராகியில் இல்லை. ராகியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். ஆனால் அந்தச் சுண்ணாம்பைக் குடலிலிருந்து உடம்புக்குள் இழுத்துக்கொள்வதற்கே டி வேண்டும். டி இல்லாதவர் ராகி தின்பது பூட்டிய வீட்டு வாசலில் அரிசி மூட்டையை இறக்குவது போல.

படித்தவர்கள் சிலர் இன்னொன்றும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: “லூபஸுக்கு ஒளிச் சிகிச்சைதான் செய்தார்கள், அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள்.” டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றது உண்மை. செறிவான ஒளியால் அவர் குணப்படுத்தியது ‘லூபஸ் வல்காரிஸ்’ என்ற நோயை. அது தோலில் வரும் காசநோய். 1940-களில் அதற்கு அதிக அளவில் வைட்டமின் டியும் கொடுத்துப் பார்த்தார்கள். நாம் பேசும் லூபஸுக்கும் அதற்கும் பெயரில் பாதி ஒற்றுமை, அவ்வளவுதான். ஒரு நோயின் மருந்து இன்னொரு நோய்க்கு நஞ்சாக இருக்கும்போது, பெயரை மட்டும் பார்த்துப் பேசுவதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை சொன்னது வீட்டுத் திண்ணைப் பேச்சுக்குப் பதில். இனி வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. மருத்துவம் தெரிந்தவர்களே சொல்வது. அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு உரிமை இல்லை.

அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த ‘வைட்டல்’ என்ற பெரிய ஆய்வில், தினம் 2000 யூனிட் டி கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-இல் முடிவு வெளியானது. 2024-இல் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி, ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆரோக்கியமான பெரியவர்கள் தினசரித் தேவைக்கு மேல் டி மாத்திரை எடுக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் வாடிக்கையாக இரத்தச் சோதனை செய்யவும் வேண்டாம் என்று வழிகாட்டியது. “பார்த்தீர்களா, டி மாத்திரை வீண் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்” என்று இந்தச் செய்தியைக் கத்தரித்து எனக்கே அனுப்பினார்கள்.

அந்த வாக்கியத்தில் ‘ஆரோக்கியமான’ என்று ஒரு சொல் இருக்கிறது. என் தங்கை ஆரோக்கியமானவள் இல்லை. வைட்டல் ஆய்வில் சேர்ந்தவர்கள் ஐம்பது வயதைக் கடந்த அமெரிக்கர்கள். டி குறைவானவர்களைத் தேடிச் சேர்த்த ஆய்வும் அல்ல. பெரும்பாலோருக்கு ஏற்கெனவே போதுமான டி இருந்தது. வயிறு நிறைந்தவருக்கு இன்னொரு கைப்பிடிச் சோறு போட்டுப் பயன் தெரியவில்லை என்றால், பசித்தவருக்கும் சோறு வேண்டாம் என்று ஆகாது. அதே வைட்டல் ஆய்வின் இன்னொரு முடிவை மட்டும் ஏன் யாரும் அனுப்பவில்லை? ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகத் தொடர்ந்து டி எடுத்தவர்களிடம் புதிதாகத் தன்னெதிர்ப்பு நோய்கள் வருவது 22 சதவீதம் குறைந்திருந்தது. அது நோய் வருவதைப் பற்றிய கணக்கு. வந்த நோயை ஆற்றுவதைப் பற்றியது அல்ல. அதனால் அதை என் தங்கைக்கான சாட்சியாக நானும் நீட்டவில்லை. ஒரே ஆய்விலிருந்து பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு வருவது யார் செய்தாலும் சரியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

லூபஸ் உள்ளவர்களிடமே செய்த ஆய்வுகளுக்கு வருவோம். ஒடிசாவின் கட்டாக்கில் 129 நோயாளிகளைச் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள்: ஆரோக்கியமானவர்களைவிட இவர்களுக்கு டி குறைவு, டி குறையக் குறைய நோயின் வேகமும் இன்டர்ஃபெரான் அளவும் கூடியிருந்தன. இது நம் நாட்டு வெயிலில் வாழும் நோயாளிகளைப் பற்றிய கணக்கு என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மிஷெல் பெட்ரி குழு 1006 நோயாளிகளை 128 வாரம் பின்தொடர்ந்தது. டி குறைந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்து இரத்த அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் கூடியபோது, நோய் கடுமையாகக் கிளம்பியிருக்கும் வாய்ப்பு 21 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரில் கவலைப்படும் அளவு புரதம் போகும் வாய்ப்பு 15 சதவீதம் குறைந்திருந்தது. இரத்த அளவு 40-ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பயன் இல்லை. எகிப்தில் 267 பேருக்கு ஓராண்டு தினம் 2000 யூனிட்டும் வெற்று மாத்திரையுமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்ததில், டி எடுத்தவர்களிடம் வீக்கக் குறிகளும் நோயின் வேகமும் குறைந்தன. பிரேசிலில் இளவயது நோயாளிகள் 40 பேரிடம் 24 வாரம் செய்த சோதனையில் களைப்பும் குறைந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் 57 பேரிடம் 12 வாரம் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், டி கொடுத்தும் இன்டர்ஃபெரான் குறியீடு அசையவில்லை. உடம்பில் வீக்கம் இருக்கும்போது டி அளவு தானாகவே இறங்கும், ஆகவே குறைந்த டி நோயின் விளைவாக இருக்கலாம், காரணமாக இருக்க வேண்டியதில்லை என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. டி மாத்திரை லூபஸை அடக்கும் மருந்து என்று நான் வாதாடவில்லை. வாதாடினால் என்னை நம்பாதீர்கள். அடக்குவதற்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் இருக்கிறது. 1991-இல் கனடாவில் 47 பேரிடம் செய்த சோதனையில் அந்த மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்புவது இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. தேவைப்பட்டால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, மைக்கோஃபினோலேட் என்று மேலே போவார்கள். டி அவற்றின் இடத்தைப் பிடிக்க வராது.

ஆனால் நோயை அடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் என் வாதம் ஒரு அடி பின்வாங்காது. காரணம் ஸ்டீராய்டு.

லூபஸ் உள்ள பெண் ஸ்டீராய்டு எடுக்காமல் தப்புவது அரிது. அது உயிரைக் காப்பாற்றும், எலும்பைக் கேட்கும். குடலில் சுண்ணாம்பு ஏறுவதைக் குறைக்கும், எலும்பு கட்டும் செல்களை முடக்கும். எலும்பு வேகமாக இளகுவது முதல் சில மாதங்களில்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு நேரம் இல்லை. அதனால்தான் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2022 வழிகாட்டி, ஒரு நாளைக்கு வெறும் 2.5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனை மூன்று மாதத்துக்கு மேல் எடுக்கிறவர் எல்லோருக்கும் போதுமான கால்சியமும் 600 முதல் 800 யூனிட் டியும் வேண்டும் என்கிறது. 2.5 மில்லிகிராம் என்பது அரை மாத்திரை. என் தங்கை சிறுநீரகத்துக்காகப் பல மாதம் எடுத்தது அதைப்போலப் பல மடங்கு. போதாக்குறைக்கு, ஈரலில் பதப்படும் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவது சிறுநீரகம். லூபஸ் தாக்குவதும் அதையே.

சேர்த்துப் பாருங்கள். இந்தப் பெண் வெயிலுக்குப் போகக் கூடாது. சாப்பாட்டில் கிடைக்காது. எடுக்கிற மருந்து எலும்பைத் தின்கிறது. நோய் சிறுநீரகத்தைத் தொடுகிறது. அவளுக்குத் திறந்திருக்கிற ஒரே கதவு அந்தச் சின்ன மாத்திரை. அதையும் “கம்பெனிக்காரன் வியாபாரம்” என்று சாத்துகிறவர்கள், வேறு எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன். வியாபாரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கால்வலி என்று போனவருக்கெல்லாம் விலை கூடிய டி சோதனை எழுதுவது நடக்கிறது, அது தப்பு. அந்தத் தப்புக்குத் தண்டனையை லூபஸ் பெண்ணின் இடுப்பெலும்பு கட்டக் கூடாது.

இதே மூச்சில் எதிர்ப்புறத்தில் நிற்பவர்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். டி நல்லது என்றதும் ஆறு லட்சம் யூனிட் ஊசியை மாதாமாதம் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒன்று என்று எழுதிய அறுபதாயிரம் யூனிட் சாஷேயைத் தினம் ஒன்று பாலில் கலந்து குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரேசிலின் சிசெரோ கொய்ம்ப்ரா பெயரால் வழங்கும் பேரளவு டி முறையை யூடியூபில் பார்த்துவிட்டு, ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தலாமா என்று கேட்டவர்களும் உண்டு. டி தண்ணீரில் கரைந்து சிறுநீரில் போய்விடும் சத்து அல்ல, கொழுப்பில் தங்கும். அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறும். வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகச் சேதம். லூபஸில் ஏற்கெனவே அடி வாங்கிய சிறுநீரகம் அதைத் தாங்காது. ஆஸ்திரேலியாவில் 2256 வயதான பெண்களிடம் ஆண்டுக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துச் செய்த சோதனையில், கீழே விழுவதும் எலும்பு முறிவும் கூடத்தான் செய்தன. எலும்புக்கு என்று கொடுத்தது எலும்பையே முறித்தது. டியை மருந்தாக மதிக்கிறவர்கள் அளவையும் மதிக்க வேண்டும்: தொடங்கும் முன் ஒரு இரத்தச் சோதனை, மருத்துவர் சொன்ன யூனிட், சொன்ன இடைவெளி, சில மாதம் கழித்து மறுபடி ஒரு சோதனை, கூடவே கால்சியமும் சிறுநீரும்.

இன்னொன்றை மனம் கனத்துச் சொல்கிறேன். இந்த வெயில் யோசனைக்குப் பின்னால் சத்துக் கணக்கு மட்டும் இல்லை. குடை பிடித்துக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிற நெசவுக்காரப் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது? “பெரிய சினிமாக்காரி, வெய்யில் பட்டா கருத்துடுவா” என்று அவள் காதில் விழும்படி சொல்கிறது. ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் உச்சி வெயிலில் பொங்கல் வைக்க வரமாட்டேன் என்றால், சாமி மேல் பக்தி இல்லை என்கிறது. வெயிலில் உழைப்பது மானம், நிழலில் நிற்பது சோம்பல் என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. நோயாளிக்கு அந்தக் கணக்கு எமன். மாத்திரையை மறுக்கிற பேச்சும் குடையைப் பழிக்கிற பேச்சும் ஒரே வாயிலிருந்து வருவதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

தங்கை இப்போது ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சாஷேயைப் பாலில் கலந்து குடிக்கிறாள். காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்துவிடுகிறாள், இரண்டு தடவை குடித்துவிடாமல் இருக்க. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கிறாள். தறியில் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். கோர்வை போட இன்னும் கை முழுதாக வரவில்லை, முந்தி வரைக்கும் தனியாக நெய்கிறாள். பெரியம்மா அவளிடம் வெயிலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஆனால் போன வாரம் எதிர்த்தெருவில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்குக் கன்னத்தில் மங்கு என்று சொன்னார்கள். விரல் மூட்டு வலியும் இருக்கிறதாம். தினமும் காலையில் மொட்டை மாடியில் நிறுத்துகிறார்களாம், நல்லதென்று. இன்று பொழுது சாய்ந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். தங்கையும் வருகிறேன் என்றாள், தன் பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு.